எடை குறைக்க ஆபரேஷன்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

பெங்களூரு ராஜாஜிநகர்ப் பகுதியில் ஓர் அழகு சிகிச்சை மையத்துக்குக் கொழுப்பு நீக்கிக்கொள்ளப் போன கன்னட சீரியல் நடிகை சேத்தனா ராஜ், 2022 மே 16 அன்று இறந்துபோனார். வயது 21. ‘கீதா’, ‘தொரெசானி’ தொடர்களில் நடித்தவர். பெற்றோருக்குச் சொல்லாமலே போயிருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அவருடைய எடை 150 கிலோவை ஒட்டி இருந்தது. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்து, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

இரண்டு சாவும் நம் வீட்டுப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன. “வெயிட் குறைக்கிற ஆபரேஷனுக்குப் போனா உசுரே போயிடுமாம்” என்று ஒரு பக்கம். “என் ஆபீஸ்ல ஒருத்தர் பண்ணிக்கிட்டு நாப்பது கிலோ இறங்கிட்டார், சுகர் மாத்திரையையே நிறுத்திட்டாங்க” என்று இன்னொரு பக்கம். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெங்களூருக்கு ரயில் ஏறி வந்து, மருத்துவமனை வரவேற்பறையில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் தலைக்குள் இந்த இரண்டு குரலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே முழுப் பொய் கிடையாது. ஆனால் இரண்டுமே பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது: எனக்கு இது பொருந்துமா?

அதைத் தீர்மானிப்பதுதான் இந்தச் சிகிச்சையில் கஷ்டமான பகுதி. ஆபரேஷன் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உறிஞ்சுவது வேறு, வெட்டுவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நடிகைக்கு நடந்தது எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையே அல்ல. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை எடுக்கும் அழகு சிகிச்சை. அந்த வகையில் அதிகம் நடப்பது லைப்போசக்‌ஷன். இடுப்பில், வயிற்றில், தொடையில் தேங்கிய கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சுவது. உருவம் கொஞ்சம் மாறும். நோய் மாறாது. இதை அமெரிக்காவில் சாமுவேல் கிளைன் என்ற மருத்துவர் 2004-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார். பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பைக் கிலோக்கணக்கில் உறிஞ்சி எடுத்தார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் எதிர்ப்பு எதிலும் சொல்லிக்கொள்கிற முன்னேற்றம் இல்லை. 

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை, அதாவது பேரியாட்ரிக் சிகிச்சை, கொழுப்பைத் தொடுவதே இல்லை. அது கை வைப்பது இரைப்பையிலும் குடலிலும். நம் ஊரில் அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ்: இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான். அடுத்தது பைபாஸ். இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலில் கீழே ஓர் இடத்தில் நேராகக் கோப்பார்கள். 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது இது. இப்போது எல்லாம் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியில் நடக்கிறது. நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கக்கூடும் என்பதால் பைபாஸ் பக்கம் சாய்வார்கள். எது என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு சர்ஜன் சொல்லட்டும். நமக்கு முக்கியம், தேவையா என்பது.

பலன் இல்லாத விஷயமில்லை. 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாத பருமனானவர்களையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தது. 2007-ல் வந்த முடிவு: செய்துகொண்டவர்களிடம் இறப்பு அபாயம் ஏறக்குறைய 29 சதவீதம் குறைவு. சர்க்கரை நோயில் அமெரிக்காவின் ‘ஸ்டாம்பீட்’ ஆய்வு 5 வருஷ முடிவை 2017-ல் வெளியிட்டது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில், சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6-க்குள் வந்தவர்கள் 5 சதவீதம். மருந்தோடு ஸ்லீவும் செய்துகொண்டவர்களில் 23, பைபாஸ் செய்துகொண்டவர்களில் 29. டெல்லியில் அப்போதைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி 2014 செப்டம்பரில் பைபாஸ் செய்துகொண்டபோது சொல்லப்பட்ட காரணமும் நீண்ட நாள் சர்க்கரை நோய்தான்.

ஆனால் அந்த 29 சதவீதத்தைத் திருப்பியும் படியுங்கள். பைபாஸ் செய்த 100 பேரில் 71 பேர் 5 வருஷம் கழித்து அந்த எல்லைக்குள் இல்லை. “சுகர் போயிடும்” என்று எழுதி ஒட்டும் விளம்பரப் பலகைகள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நான்கு எண்கள், ஒரே பெண்

உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வரும் எண்ணால் கிலோ எடையை வகுத்தால் பி.எம்.ஐ. கண்டுபிடித்தவர் 19-ம் நூற்றாண்டு பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே, டாக்டர்கூட இல்லை. தனி மனிதருக்கு வைத்தியம் பார்க்க அவர் இதைச் செய்யவில்லை, மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கச் செய்தார். இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த எண்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 வயதுப் பெண். உயரம் 158 சென்டிமீட்டர். எடை 86 கிலோ. சர்க்கரை கட்டுப்படவில்லை. பி.எம்.ஐ. 34.4. இவருக்கு ஆபரேஷன் பொருந்துமா?

1991-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் போட்ட பழைய விதிப்படி பொருந்தாது. அது 40-க்கு மேல் இருந்தால் யாருக்கும், 35-க்கு மேல் இருந்து கூடவே நோய் இருந்தால் அவருக்கும் என்றது. இந்திய மருத்துவர்கள் நம் உடலுக்கென்று அதை இரண்டரைப் புள்ளி இறக்கிவைத்திருக்கிறார்கள்: நோய் எதுவும் இல்லையென்றால் 37.5, நோய் இருந்தால் 32.5. அதன்படி இவருக்குப் பொருந்தும். மருந்துக்கு அடங்காத சர்க்கரைக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்கிறது பருமன் அறுவை மருத்துவர்களின் இந்தியச் சங்கத்தின் வழிகாட்டல். 2022 அக்டோபரில் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து பழைய விதியைத் திருத்தியபோது, ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று எழுதின. அதாவது நம் 158 சென்டிமீட்டர் பெண்ணுக்கு 69 கிலோவிலேயே கதவு திறக்கிறது!

ஏன் நமக்கு மட்டும் எல்லை இறங்குகிறது? புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. நாம் பார்க்க ஒல்லியாக இருப்போம், வயிற்றுக்குள் கொழுப்பு உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்பளவைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது பருமன். கர்நாடகத்தில் 30 சதவீதம். பெங்களூரின் பெரும் தொழிலான ஐ.டி.யில் நிலைமை எப்படி என்பதற்கு ஹைதராபாத்திலிருந்து ஒரு குறிப்பு உண்டு: 345 ஐ.டி. ஊழியர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியான ஆய்வில் 84 சதவீதத்தினரின் ஈரலில் கொழுப்பு.

இப்போது நான்காவது எண்ணுக்கு வருவோம். அதை வைத்திருப்பவர் இன்ஷூரன்ஸ்காரர்.

முன்பெல்லாம் மெடிக்ளெய்ம் பாலிசிகள் ‘உடல் பருமன் சிகிச்சை’ என்ற வார்த்தையைக் கண்டாலே ஒதுக்கிவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் விதியை மாற்றி, 2020 அக்டோபர் முதல் பழைய பாலிசிகளுக்கும் பொருந்தச் செய்தது. நல்ல காரியம். ஆனால் நிபந்தனையைப் படியுங்கள்: வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, மற்ற முயற்சிகள் தோற்றபின், பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வெள்ளைக்காரர் உடம்புக்கு 1991-ல் தைத்த சட்டை அப்படியே இருக்கிறது. முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாதவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பி.சி.ஓ.டி.க்கும் இடமில்லை.

நம் பெண்ணுக்கு என்ன ஆகிறது? டாக்டர் விதிப்படி தகுதி உண்டு. பாலிசி விதிப்படி 35-ஐத் தொட அவர் 87.4 கிலோ இருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ குறைவு. சில லட்சம் ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் ஒன்றரைக் கிலோ ஏற வேண்டும்! எடையைக் குறைக்க வந்த நோயாளியை ‘கொஞ்சம் ஏறிவிட்டு வா’ என்று சொல்லாமல் சொல்கிறது ஒரு விதி. இந்தியாவில் விற்கும் பாலிசிக்கு இந்திய அளவுகோலை வைக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் மருத்துவச் சங்கங்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 27.5 என்ற எல்லையைக் கேட்டதும் கடை விரிக்கத் தயாராக இருக்கும் சிலரும் உண்டு. எண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போகலாமா என்பதற்கு எண்ணிடம் பதில் இல்லை.

“ரெண்டு இட்லிதான் மேடம்”

ஒழுங்காக நடக்கும் மருத்துவமனையில் ஆபரேஷன் தேதி முதல் நாளே கிடைக்காது. சில வாரங்கள் அலையவிடுவார்கள். அலைச்சலுக்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு பார்க்க வேண்டும். கார்ட்டிசால் அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய் எடை ஏற்றத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், இரைப்பையை வெட்டி என்ன பயன்? எண்டோஸ்கோப்பியில் புண்ணும் ஹெச். பைலோரி கிருமியும் இருக்கிறதா, ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருக்கிறதா, எக்கோவில் இதயம் எப்படி, ரத்தத்தில் இரும்பும் பி12-ம் டி வைட்டமினும் எவ்வளவு. டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளப்பார்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டி, வீட்டில் குறட்டை என்று மனைவி சாட்சி சொன்னால், ஓர் இரவு தூக்கப் பரிசோதனை. மூச்சுத்திணறல் உள்ளவருக்கு அது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பிறகு பத்து, பதினைந்து நாள் கலோரி குறைந்த திரவ உணவு. கொழுப்பேறி வீங்கிய ஈரல் சற்றுச் சுருங்கினால்தான் இரைப்பையை எட்டுவது எளிது.

இவ்வளவுக்கும் நடுவில் டயட்டீஷியன் அறை. அங்கே பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா.”

“ரெண்டு இட்லிதான் மேடம்.”

“காபி?”

“காபி ஒரு நாலு தடவை. சர்க்கரை கொஞ்சமாத்தான் போட்டுக்குவேன்.”

“ராத்திரி?”

“அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்கு பன்னெண்டாயிடும் மேடம். அப்போ ஸ்விகியில ஏதாவது...”

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வருவதில்லை. ஆனால் இந்தப் பத்து நிமிஷத்தில்தான் ஆபரேஷன் தாங்குமா என்பது பாதி தெரிந்துவிடும். சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு கூழ், பிறகு குழைவு, ஒரு மாதம் தாண்டித்தான் சாதாரணச் சாப்பாட்டின் பக்கம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். ஒவ்வொரு வாயையும் மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். பத்து நிமிஷத்தில் தர்ஷினியில் நின்றுகொண்டே மசாலா தோசையை முடித்துவிட்டு வெளிவட்டச் சாலை டிராஃபிக்கில் போய் நிற்கும் ஊர் இந்தப் பெங்களூரு. நிதானமாகச் சாப்பிடு என்பதே பலருக்குப் பெரிய தண்டனை.

அதைவிடப் பெரிய பிரச்னை புரதம். தினமும் 60 கிராமாவது போக வேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு சதையும் கரையும். இரண்டு இட்லியில் 4 கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டையில் 6. நூறு கிராம் பனீரில் 18 கிராம் சொச்சம். சுருங்கிய இரைப்பையில் ஒரு நேரத்துக்கு அரைக் கப் போவதே கஷ்டம் என்னும்போது, முட்டையும் தொடாத சைவக் குடும்பத்து மருமகள் இந்த 60-ஐ எப்படி எட்டுவாள்? பவுடர், பனீர், சோயா, பருப்புத் தண்ணீர் என்று அவளுக்குத் தனிச் சமையல் வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு யார் கையில் இருக்கிறது? மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும் டயட்டீஷியனை நான் மதிக்கிறேன்.

இதன் மேல் பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள். எத்தனை மாசம் என்று கேட்பார்கள். ஆயுள் முழுக்க. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. ஓயாமல் வாந்தி எடுக்கிறவர் கவனிக்காமல் விட்டால் தயமின் குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். பி.பி. மாத்திரையையே ‘இப்போ நல்லாத்தானே இருக்கு’ என்று நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவருக்கு இந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிக்கச் சொல்வேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி

“தை மாசம் கல்யாணம் டாக்டர். அதுக்குள்ள பண்ணிடலாமா?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர் அநேகமாகப் பெண்ணின் அம்மா. பெண் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். வரன் பார்க்கும் படலத்தில் ‘பொண்ணு கொஞ்சம் குண்டு’ என்று திரும்பிப்போன குடும்பங்களின் எண்ணிக்கை அந்த ஃபைலில் இருக்காது, அம்மாவின் குரலில் இருக்கும்.

ஆபரேஷனுக்கு மிக மோசமான காரணங்களில் ஒன்று முகூர்த்தத் தேதி. எடை ஒரே வாரத்தில் இறங்குவதில்லை, ஒன்று, ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும். மூன்று, நான்காம் மாதத்தில் பலருக்கும் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பிறகு வளரும் என்றாலும், அந்த மாதத்தில் மணமேடை ஏறும் பெண்ணுக்கு அது ஆறுதல் ஆகாது. தோல் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேல், 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. உடம்பு வேகமாக இளைத்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் வளரும் பிள்ளைக்குச் சத்து எங்கிருந்து போகும்? நம் வீடுகளிலோ கல்யாணமான மூன்றாம் மாதத்திலேயே ‘விசேஷம் உண்டா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். எடை குறைந்ததும் பி.சி.ஓ.டி. பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பது இன்னொரு சிக்கல். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். பெண்ணுக்கு எடையால் நோய் இருந்து, அவளே விரும்பினால், ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துக் கல்யாணம் வையுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். மறைத்து நடத்தினால், விருந்துச் சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் போகாத மருமகளைப் பார்த்து முதல் வாரமே பேச்சு கிளம்பும்.

மாப்பிள்ளைகளுக்காக இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரடோனாவும் மனநல டாக்டரும்

‘சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்த்துட்டு வாங்க’ என்றதும் முகம் சுருங்கும். “எனக்கென்ன பைத்தியமா?” என்பார்கள். பலர் அந்தச் சந்திப்பை ஒரு கையெழுத்துச் சடங்காக முடித்துக்கொள்கிறார்கள். சில மருத்துவமனைகளும் அப்படித்தான் நடத்துகின்றன.

கால்பந்து மேதை மரடோனா 2005-ல் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் பைபாஸ் செய்துகொண்டார். ஐம்பது கிலோவை ஒட்டி இறங்கினார், டி.வி. நிகழ்ச்சியே நடத்தினார். இரண்டு வருஷத்தில், 2007-ல், குடியால் ஈரல் கெட்டு புவெனஸ் அயர்ஸ் மருத்துவமனையில் கிடந்தார். எடை திரும்ப ஏறி 2015-ல் வெனிசுவேலாவில் மறுபடியும் கத்தி. உலகத்தில் அவருக்குக் கிடைக்காத டாக்டரா, பணமா?

இரைப்பையைச் சுருக்கலாம். எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பது அங்கே இல்லை. வேலை அழுத்தத்தில் நள்ளிரவில் சாப்பிடுகிறவர், துக்கத்தில் சாப்பிடுகிறவர், அளவில்லாமல் அள்ளித் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் வாந்தி எடுக்கிறவர் எல்லோருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் அந்த அழுத்தமும் துக்கமும் அப்படியே இருக்கும், சாப்பாடு என்ற வடிகால் மட்டும் அடைபட்டுப் போயிருக்கும். பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும். அமெரிக்காவில் 2012-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்து முதல் வருஷம் மாறாதிருந்த குடிநோய், இரண்டாவது வருஷத்தில் கூடியது. தற்கொலை எண்ணமும் சிலருக்குத் தலைதூக்குவதை வெளிநாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் சிகிச்சை பெறாத கடும் மனச்சோர்வும், விடாத குடியும், கட்டுப்படாத உணவுக் கோளாறும் இருந்தால் ‘இப்போது வேண்டாம்’ என்கிறார்கள். ‘எப்போதும் வேண்டாம்’ என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் சிகிச்சை எடுத்துவிட்டு வந்தால் அதே கதவு திறக்கும்.

எதை எதிர்பார்த்து வருகிறோம் என்பதும் அந்த அறையில் பேச வேண்டிய விஷயம். எகிப்தின் இமான் அகமது 2017-ல் அரை டன் எடையோடு சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டது நினைவிருக்கும். சைஃபி மருத்துவமனையில் மார்ச்சில் ஸ்லீவ் நடந்தது. எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்றது மருத்துவமனை. அவர் சகோதரியோ, அக்கறை எடையில் மட்டும்தான் என்று கொதித்தார். பழைய பக்கவாதம் காரணமாக இமானால் நடக்க முடியாது என்பதைச் சகோதரியின் மனம் ஏற்கவில்லை. மே மாதம் அபுதாபிக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 25-ல் இமான் இறந்தார். யார் பக்கம் நியாயம் என்பதைவிட எனக்கு உறைப்பது, மருத்துவமனை கிலோவை எண்ணியதும் குடும்பம் வேறொன்றை எதிர்பார்த்திருந்ததும்தான்.

ஊசி வந்த பிறகு

2025-க்கு முன்னால் இந்தக் கட்டுரை எழுதியிருந்தால் இங்கே முடிந்திருக்கும். அந்த வருஷம் மார்ச்சில் மவுன்ஜாரோவும் (டிர்செபடைடு) ஜூனில் வெகோவியும் (செமாக்ளுடைடு) இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீத எடையைக் குறைத்தது. செமாக்ளுடைடு 68 வாரத்தில் 14.9. ஆபரேஷனில் 25 முதல் 30 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. செமாக்ளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் கெடு 2026 மார்ச். விலை இறங்க இறங்க, ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் நிற்பவர்களின் கூட்டம் பெருகும்.

என் தீர்ப்பு இதுதான். பி.எம்.ஐ. முப்பதை ஒட்டி, நோய் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர், டாக்டர் கண்காணிப்பில் ஊசியையும் உணவையும் முதலில் பார்க்கட்டும். நாற்பதைத் தாண்டி, மூச்சுத்திணறி, இன்சுலின் ஏறிக்கொண்டே போகிறவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வருஷங்களைத் தொலைக்கக் கூடாது. செமாக்ளுடைடை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்திருந்தது. ஆக ஊசியும் ஆயுள் சந்தாதான். எந்தச் சந்தாவை நம்மால் கட்ட முடியும் என்று பார்ப்பதில் வெட்கம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம்

நோயாளி பொருத்தமா என்று பார்க்கிறோம். மருத்துவமனை பொருத்தமா என்று யார் பார்ப்பது? 2009-ல் அமெரிக்காவில் தேர்ந்த மையங்களில் நடந்த ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். பித்தப்பை ஆபரேஷன் மாதிரிப் பாதுகாப்பானது என்று சொல்கிறவர்கள் இப்படிப்பட்ட மையங்களின் கணக்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். 150 கிலோ உடம்பைத் தாங்கும் மேஜை, பருமனானவருக்குச் சுவாசக் குழாய் போட்டுப் பழகிய மயக்க டாக்டர், அதே கட்டடத்தில் ஐ.சி.யு., அந்த எடையை ஏற்கும் சி.டி. ஸ்கேன், இரவு 2 மணிக்கும் வரக்கூடிய சர்ஜன் இல்லாத இடத்தில் அந்த 0.3 செல்லாது. தையல் கசிந்தால் வயிற்று வலிக்கும் முன்னாலேயே நாடி காட்டிக்கொடுத்துவிடும். துடிப்பு 120-க்கு மேல் நிற்காமல் ஓடினால், ‘பயத்துல அப்படித்தான் இருக்கும்’ என்று நர்ஸ் சொன்னாலும் விடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கு 2007-ம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் உண்டு. எந்தச் சிகிச்சைக்குப் பதிவு என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. ‘இந்த மாசம் பேக்கேஜில் தள்ளுபடி, இ.எம்.ஐ. வசதி உண்டு’ என்று போனில் துரத்தும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். 

தேதி குறிக்கும் முன் சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருஷம் உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினீர்கள் டாக்டர்? இரண்டு வருஷம் கழித்து என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்க்கப்போவது யார்? முதல் கேள்விக்கு எண்ணும் இரண்டாவதற்குப் பெயரும் பதிலாக வராவிட்டால், ஃபைலை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். இது அவசர ஆபரேஷன் அல்ல. ஒரு மாதம் தாமதமானால் அநேகம் பேருக்கு எதுவும் கெட்டுப்போகாது.